சீமைக்காரை, சிமிட்டி, சிமெண்டு

அரியலூரில் நிரப்பிய ஒரு சிமெண்டு மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அதில் ‘பிபிசி’ என்ற மூன்றெழுத்து இருக்கும். விரித்துச் சொன்னால் போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட். முதல் சொல் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஒரு சிறு தீவின் பெயர். இரண்டாவது சொல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே உள்ள பொட்சுவோலி என்ற ஊரின் பெயரிலிருந்து பிறந்தது. மூன்றாவது சொல் ரோமானியக் கொத்தர்கள் வெட்டுக்கல்லுக்கு வைத்திருந்த பெயர். மூட்டைக்குள் இருக்கும் பொருளில் பெரும்பங்கோ அரியலூர் வட்டாரத்து மண்ணைத் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு வாழ்க்கையை மாற்றிய பொருள்களைப் பட்டியலிடுபவர்கள் வானொலி, சைக்கிள், தையல் எந்திரம், மின்விளக்கு என்று தொடங்குவார்கள். காலடியில் கிடக்கும் சிமெண்டை மறந்துவிடுவார்கள். நாம் படுக்கிற தரையும் தண்ணீர் பிடிக்கிற தொட்டியும் ஏறுகிற படியும் அதனால் ஆனவை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அது பிழைப்பும் கூட. ஆகவே அந்தச் சொல்லின் வழியைத் தேட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

லத்தீனில் ‘கேடெரே’ என்றால் வெட்டுதல். வெட்டிச் சிதறிய கல், கல்லுடைசல், இவற்றுக்கு ‘கேமெந்தும்’ என்று பெயர். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் கட்டடக் கலை பற்றி எழுதிய விட்ருவியஸ் அந்தச் சொல்லைக் கல் என்ற பொருளில்தான் ஆள்கிறார். ஒட்டும் பசைக்கு அது பெயராகவில்லை. சுவருக்கு நடுவே கல்லுடைசலைக் கொட்டிச் சுண்ணாம்புக் கலவையால் இறுக்குவது ரோமானியர் வழக்கம். காலப்போக்கில் உடைசலும் கலவையும் சேர்ந்த மொத்தத்துக்கும் அந்தப் பெயர் போயிற்று. பிறகு உடைசல் கழன்று, ஒட்டுகிற பொருளுக்கு மட்டுமே நின்றது. பழைய பிரெஞ்சில் ‘சிமான்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது கல் என்ற முதல் பொருள் அதில் மிச்சமில்லை.

பொசோலானா அதே ரோமானியரின் கண்டுபிடிப்பு. பொட்சுவோலி பகுதியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகியது. இன்று நம்மூர் மூட்டையில் எரிமலைச் சாம்பல் இருக்காது. பெரும்பாலும் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல்தான் இருக்கும். வேலை ஒன்று என்பதால் பெயரும் அப்படியே நீடிக்கிறது.

போர்ட்லண்ட் என்ற பெயருக்கு ஆண்டு தேதி உண்டு. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1756 முதல் 1759 வரை இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார். அலையடியில் கரையாத சுண்ணாம்பைத் தேடிப் பல ஊர்க் கற்களைச் சுட்டுச் சோதித்த அவர், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே தண்ணீரில் இறுகும் என்று கண்டார். தம் கலவையின் உறுதியைப் போர்ட்லண்ட் தீவின் கல்லோடு ஒப்பிட்டும் எழுதினார். லண்டனின் செயின்ட் பால் பேராலயம் அந்தக் கல்லால் ஆனது. கட்டடம் கட்டுபவர்களிடையே அதற்கு அப்படியொரு மதிப்பு. லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் 1824 அக்டோபர் 21இல் தம் கலவைக்குக் காப்புரிமை பெற்றபோது ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’ என்று பெயர் சூட்டினார். அந்தத் தீவின் கல் ஒரு துண்டும் அதில் கிடையாது. காய்ந்தபின் அந்தக் கல்லைப் போலத் தோன்றும் என்பதற்காக வைத்த விற்பனைப் பெயர் அது. இருநூறு ஆண்டுகளாக உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கல்லைச் சுட்டுச் செய்தாலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு போகிறது. பொருள் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதைப் பெயர் கேட்பதில்லை. முதலில் விற்றவர் வைத்ததே நிலைக்கிறது.

ஆனால் சொற்களின் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. சிமெண்டை நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே ஆங்கிலம் நம்மிடமிருந்து ‘சுனாம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டிருந்தது. கடற்சிப்பியைச் சுட்டு நீற்றி அரைத்து, பளிங்கு போல மெருகேற்றிப் பூசிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியரை வியக்க வைத்தது. ‘மெட்ராஸ் சுனாம்’ என்றே அவர்கள் எழுதினார்கள். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் திரட்டிய ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அதற்கு இடம் உண்டு. சுண்ணம் என்றால் பொடி. வடமொழிச் சூர்ணமும் பிராகிருதச் சுண்ணமும் அதன் உறவு. மணக்கும் பொடிக்கும் வெற்றிலையில் தடவும் பொருளுக்கும் சுவரில் அடிக்கும் பொருளுக்கும் தமிழில் அந்த ஒரு வேரே போதுமாக இருந்தது.

சுதை இன்னும் பழைய சொல். வடமொழியில் அமுதத்துக்கும் சுண்ணச் சாந்துக்கும் அதுவே பெயர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த குகைக்கோயில் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் எடுத்த கோயில் என்று பெருமைப்படுகிறது. ஒரு கட்டடம் அந்த நான்கும் சேர்ந்ததாகவே அன்று இருந்தது என்பதற்கு அதுவே சான்று. மணிமேகலையில் புகார் நகரத்து மாடங்களின் சுதைச் சிற்பங்களைக் கூட்டம் கூடி நின்று பார்க்கும் காட்சி வருகிறது. இன்றும் கோபுரப் பொம்மைகளைச் சுதை வேலை என்றே சொல்கிறோம். அதில் பாதிக்குமேல் சிமெண்டாக மாறிவிட்ட பிறகும்.

என் மனம் அதிகம் நிற்பது காரையில். சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்த கட்டுமானக் கலவைக்கு அதுதான் உழைப்பவர்களின் சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் சிறு ஒலி மாற்றத்தோடு இதே பொருளில் வழங்குகிறது. இந்தியில் மண்சாந்துக்குக் ‘காரா’ என்பார்கள். காளவாயில் சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் ஊற்றி நீற்றுவார்கள். புகை போல ஆவி கிளம்பிக் கல் பூத்து மாவாகும். மணலோடும் செங்கல் தூளோடும் சேர்த்து, மாடு கட்டிய கல் உருளையால் தொட்டியில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் விடுவார்கள். அரைபடும் நாளைப் பொறுத்துச் சுவரின் ஆயுள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த அரண்மனைச் செங்கல் சுவர்களையோ, பெரம்பலூர் அருகே ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்களையோ பார்ப்பவர்கள், சிமெண்டு வருவதற்கு முன் இந்த வட்டாரம் எதை நம்பிக் கட்டியது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நிலவியலாளர்களுக்கு அது புகழ்பெற்ற இடம்: மழைநீர் அரித்து வரிவரியாகக் கிடக்கும் களிமண் மேடுகள், நடுவே நரம்பு நரம்பாக ஓடும் ஜிப்சம். சிமெண்டு அரைக்கும்போது அது சட்டென்று இறுகிவிடாமல் இருக்கச் சேர்ப்பதும் ஜிப்சம்தான். ஆகவே ஊர்ப்பெயரையும் கட்டுமானக் காரையையும் முடிச்சுப் போட ஆசை வரும். போடக்கூடாது. காரை என்பது மஞ்சள் பழம் பழுக்கும் முட்செடிக்கும் பெயர். தமிழ்நாட்டில் காரை என்று தொடங்கும் ஊர்களுக்குச் செடியைக் காரணமாகச் சொல்வதே வழக்கம். ஒலி ஒன்றாக இருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது.

வெள்ளைக்காரன் கப்பலில் வந்த சாம்பல்நிறப் பொடிக்குத் தமிழ் முதலில் கொடுத்த பெயர் இந்தக் காரையை வைத்துத்தான் உருவானது. சீமைக்காரை. சீமை என்றால் எல்லை, நாடு. அந்தக் காலத்துப் பேச்சில் சீமை என்றால் இங்கிலாந்து. சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைப் பசு என்ற வரிசையில் சீமைக்காரையும் நின்றது. நல்ல பெயர் அது. பொருள் என்ன வேலை செய்கிறது என்பதையும் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. போர்ட்லண்ட் சிமெண்ட் என்ற ஆங்கிலப் பெயரைவிட நேர்மையானது. அகராதியில் அது நிலைத்தது, பேச்சில் நிலைக்கவில்லை.

பேச்சில் வென்றது காதில் விழுந்த ஒலி. சிமிண்டு, சிமெண்டு, சிமிட்டி. இவற்றில் சிமிட்டி முழுக்கத் தமிழ் நாவில் உருண்டு திரண்ட வடிவம். நடு மெல்லினம் கரைந்து, டகரம் இரட்டித்து, கமிட்டி, பெட்டி, சட்டி என்று பழகிய ஈற்றில் போய் உட்கார்ந்தது. சிமிட்டித் தரை, சிமிட்டித் தொட்டி என்று முந்தைய தலைமுறை எழுத்தாளர்கள் கூச்சமின்றி எழுதினார்கள். பிறகு பத்திரிகைத் தமிழ் ஆங்கில ஒலிக்கு நெருக்கமாகப் போக விரும்பி ‘சிமெண்ட்’ என்று நிறுத்திக்கொண்டது. பள்ளிக்கூடமும் விளம்பரமும் அதைப் பரப்பின. சிமிட்டி போனது எனக்கு வருத்தம்தான். தூயதமிழ் அன்பர்கள் பைஞ்சுதை என்ற சொல்லை ஆக்கினார்கள். கான்கிரீட்டுக்குக் கற்காரை என்றார்கள். கற்காரை அருமையான ஆக்கம். கல்லும் காரையும் சேர்ந்தது என்று கேட்டவுடன் புரிகிறது. பைஞ்சுதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுதை என்பதே கோயிலோடு சுருங்கிவிட்ட காலத்தில் அது பிறந்தது.

கடல் தாண்டினால் ஒலி வேறு. இலங்கைத் தமிழர் சீமெந்து என்கிறார்கள். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் பெயரிலும் சீமெந்துதான் இருந்தது. நாம் டகரம் சொல்லும் இடத்தில் அங்கே தகரம் ஏன்? ஆங்கிலத்தின் ‘டி’ ஒலி தமிழ்க் காதில் எப்போதும் டகரமாகவே விழும்: டிக்கெட்டு, கோட்டு, ஸ்டாண்டு. பல்லில் நாக்குத் தட்டிச் சொல்லும் தகரம் போர்ச்சுக்கீசியத்தின் அடையாளம். பாதிரியும் வராந்தாவும் அந்தத் தகரத்தோடுதான் நமக்கு வந்தன; நாற்காலிக்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் கதிரையும் அப்படியே. போர்ச்சுக்கீசியத்தில் சிமெண்டுக்குச் ‘சிமெந்தோ’ என்று பெயர். சிங்களமும் ‘சிமெந்தி’ என்று அதே தகரத்தைத்தான் வைத்திருக்கிறது. ஆட்சி போய் நூற்றாண்டுகள் ஆன பிறகும் போர்ச்சுக்கீசியக் கலப்புமொழி இலங்கைக் கரைகளில் பேசப்பட்டு வந்ததை நினைத்தால், சீமெந்து அந்த வாசல் வழியாக நுழைந்தது என்று கொள்வதே ஒலி காட்டும் வழி.

இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி சென்னையில் 1904இல் நடந்தது. மூலப்பொருள் கடற்சிப்பி. மெட்ராஸ் சுனாம் செய்த அதே சிப்பி. அந்த ஆலை நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதே நிலைபெற்ற முதல் ஆலை. தமிழ்நாட்டில் கோவைக்கு அருகே மதுக்கரை 1930களில் எழுந்தது. அடுத்து 1939இல் இன்றைய அரியலூர் மாவட்ட எல்லையை ஒட்டி, திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. சீமைக்காரையிலிருந்து ‘சீமை’ உதிர்வதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். பக்கத்து ஊரில் புகைபோக்கி தெரியும்போது அதைச் சீமைப் பொருள் என்று எப்படிச் சொல்வது?

சீமை உதிர்ந்த இடத்தில் முதலாளியின் பெயர் ஏறியது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊரும் ரயில் நிலையமும் டால்மியாபுரம் ஆயின. 1953 ஜூலை 15 அன்று தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அந்த நிலையத்தில் நடந்தது. மு. கருணாநிதி தலைமையில் சென்றவர்கள் பெயர்ப் பலகையின் மேல் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்கள். கைது, சிறை, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு என்று அந்த நாள் முடிந்தது. ஓர் ஊரின் பெயருக்காக மனிதர்கள் தண்டவாளத்தில் படுத்த நிகழ்ச்சியைச் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் வெறும் அரசியலாக ஒதுக்கிவிட முடியாது. பெயர் என்பது மண்ணின் மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு நிலையம் கல்லக்குடி பழங்காநத்தம் ஆயிற்று. பேச்சில் இரண்டு பெயர்களும் இன்றைக்கும் அருகருகே வாழ்கின்றன.

அந்தத் தடத்தில் ரயிலில் போகிறவர்கள் ஊர்ப்பெயர்களைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கல்லக்குடி, கல்லகம்; அரியலூரைச் சுற்றிக் கல்லங்குறிச்சி, கல்லமேடு. ஆலைக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மண்ணின் பெயர்களில் ‘கல்’ ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கல் ஒரு கடலின் எச்சம். கிரிட்டேசியஸ் காலத்தில், சுமார் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் இங்கே உள்ளே வருவதும் வடிவதுமாக இருந்தது. சிப்பிகளும் நத்தைகளும் பவளமும் படிந்து இறுகியவையே இந்தச் சுண்ணாம்புப் பாறைகள். 1904இல் சென்னை ஆலை கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டது. அரியலூர் ஆலைகள் கோடி ஆண்டுப் பழைய சிப்பிப் படுகையைச் சுடுகின்றன. 1860களின் தொடக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்போர்டு இந்தப் பாறைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பகுத்து காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று ஊர் ஊராகப் பெயர் வைத்தார்கள். இன்று இந்தக் கிரிட்டேசியஸ் கடலைப் படிக்கும் மாணவர் எந்த நாட்டவரானாலும் கல்லங்குறிச்சி என்ற பெயரைக் கடந்தே போக வேண்டும். மூட்டையின் மேல் ஏறாத நம் ஊர்ப்பெயர்கள் பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பவளம் படிந்த மிகப் பழைய அடுக்கு ஒன்றுக்கு மட்டும் டால்மியாபுரம் என்ற பெயர். ரயில் நிலையத்தில் மாறிய பெயர் அங்கே மாறவில்லை. நிலவியலில் முதலில் அச்சேறிய பெயருக்கே முன்னுரிமை.

அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் தனியார் ஆலைகள் கீழப்பழுவூர், ரெட்டிப்பாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம் என்று எழுந்தன. அரசு ஆலையின் மூட்டையில்தான் தமிழ்ப் பெயர் துலங்கியது: அரசு; பிறகு 2015இல் மூட்டை 190 ரூபாய்க்கு வந்த ‘அம்மா’; 2021 நவம்பரில் ‘வலிமை’. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 பாகை செல்சியசு வரை சுட்டால் கிடைக்கும் கரிய உருண்டைகளை அந்த ஆலைகளில் எல்லோரும் கிளிங்கர் என்பார்கள். அது டச்சுச் சொல். ‘கிளிங்கென்’ என்றால் கணீரென்று ஒலித்தல். நன்றாக வெந்த செங்கல்லைத் தட்டினால் வரும் ஒலிக்காக டச்சுக் கொத்தர்கள் வைத்த பெயர் சூளை சூளையாகக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. நம் ஊரிலும் செங்கல் வாங்குபவர் ஒன்றோடொன்றைத் தட்டிக் காது கொடுத்துத்தான் எடுப்பார். ஆனால் அந்த ஒலியை நாம் பெயராக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்லுக்குக் கிளை விட்டது. இந்த வட்டாரத்தில் வீடுகளைக் கூரையை வைத்துத்தான் அழைத்தார்கள்: கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு. மெத்தை வீடு என்றால் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை அடுக்கிக் காரை போட்டு மூடிய தளம் உள்ள வீடு. ஊருக்கு இரண்டோ மூன்றோ இருக்கும். சிமெண்டு அந்த வரிசையைக் கலைத்தது. சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் சிமெண்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது. தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ‘பர்மிட் சிமெண்டு’ என்ற சொல் அப்போது பிறந்தது. 1982இல் பாதியும் 1989இல் முழுமையாகவும் கட்டுப்பாடு விலகியதும் அந்தச் சொல் அடுத்த தலைமுறைக்குப் புரியாத சொல்லாயிற்று. அரசுத் திட்டங்களில் கட்டியவை தொகுப்பு வீடு, காலனி வீடு. 2010க்குப் பின் கலைஞர் வீடு. கூரையின் பெயரால் நின்ற வீடு இப்போது திட்டத்தின் பெயரால் நிற்கிறது, ஏனென்றால் கூரை எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. ஓலைக்கூரையில் மழைக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒன்றாதல் எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

துணிக்கடையில் ‘சிமெண்டு கலர்ல பேண்ட் காட்டுங்க’ என்று கேட்கிறோம். சாம்பல் நிறம் என்ற பழைய சொல்லை அது பக்கத்தில் தள்ளிவிட்டது. அடுப்புச் சாம்பலை அள்ளாத வீடுகளுக்குச் சிமெண்டுதான் அந்த நிறத்துக்குத் தெரிந்த பொருள்.

கட்டுமான இடத்தில் நின்று கேட்டால் சொற்கள் வேறு விதமாகப் பிரிந்திருப்பது தெரியும். பொருளின் பெயர்கள் அந்நியமானவை: சிமெண்டு, எம் சாண்டு, ரெடிமிக்ஸ். வேலையின் பெயர்கள் நம்முடையவை: கலவை போடு, பூச்சு வேலை, தளம், கொத்து, மட்டம் பார், தண்ணி காட்டு. கொத்தனார் கையில் கரண்டியும் சித்தாள் தலையில் சட்டியும் சுண்ணாம்புக் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. சுவர் பழசாகி மழையில் பூச்சு உரிந்து விழும்போது, அது சிமெண்டும் மணலும் தவிர வேறொன்றும் கலவாத பூச்சாக இருந்தாலும், வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சொல்வது ஒன்றுதான்: காரை பேந்துபோச்சு, வந்து பாருங்க.